2013 மாடல் வீட்டு கம்ப்யூட்டர், ஆன் ஆக ஆறு நிமிஷம்: எதை மாத்தினா வேகம் வரும்?

கெடிலக்கரை | கடலூர், மஞ்சக்குப்பம்

எல்லாருக்கும் வணக்கம். வீட்டு கம்ப்யூட்டர் ரொம்ப இழுக்குது. இன்டெல் கோர் ஐ3-3220, எச்61 போர்டு, 4 ஜிபி டிடிஆர்3 ரேம் ஒரே ஸ்டிக், 500 ஜிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10 64 பிட். தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. 2013-ல அசெம்பிள் பண்ணது, அதுக்கப்புறம் எதையும் மாத்தல.

பவர் பட்டனை அமுக்கி குரோம்ல ஒரு பக்கம் வர்றதுக்கு ஆறு நிமிஷம் ஆகுது. எக்செல் திறந்தா நடுவுல "நாட் ரெஸ்பாண்டிங்"னு வெளுத்துப் போய் நிக்குது. கேபினட்ல டர்ர் டர்ர்னு சத்தம். டெம்ப் ஃபைல் அழிச்சேன், டிஸ்க் கிளீனப் ஓட்டினேன், ரெண்டு நாள் தேவலை, அப்புறம் பழைய கதைதான்.

வேலை பெருசா ஒண்ணும் இல்லை. பத்தாவது படிக்கிற பொண்ணுக்கு வீடியோ பாடம், தமிழ் டைப்பிங், எக்செல், பிரிண்ட் எடுக்க கேனான் எல்பிபி2900. கேம் கிடையாது. ஒரு கடையில ஃபார்மேட் போட்டா போதும்ங்கிறாங்க, இன்னொரு கடையில தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்கன்னு சொல்றாங்க. எது சரி?

---

முத்தியால்பேட்டை_ராம்ஸ்டிக் | புதுச்சேரி

ரேம் இன்னொரு 4 ஜிபி போடுங்க சார். 8 ஆனா பறக்கும்.

---

எஸ்எம்பிஎஸ்_மாமா | புதுச்சேரி, லாஸ்பேட்டை

ரேம் வேணும்தான், ஆனா முதல்ல அது இல்லை. டர்ர்னு சத்தம்னு எழுதியிருக்காரே, அதைக் கவனிங்க. டிஸ்க் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கப் பார்க்குதுன்னு அர்த்தமா இருக்கலாம். அந்த டிஸ்க்கை வச்சுக்கிட்டு 16 ஜிபி போட்டாலும் அது இழுக்கத்தான் செய்யும்.

கெடிலக்கரை சார், ஊகத்துல செலவு பண்ணாதீங்க. கொஞ்சம் அளந்து எழுதுங்க:

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அமுக்கினா டாஸ்க் மேனேஜர் வரும். "பெர்ஃபார்மன்ஸ்" டேப். கம்ப்யூட்டர் ஆன் ஆகி மூணு நிமிஷத்துக்குள்ள, அதாவது இழுக்கிறப்பவே, பார்க்கணும். டிஸ்க்ல "ஆக்டிவ் டைம்" எத்தனை சதவீதம், "ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம்" எத்தனை மில்லி செகண்ட், "ரீட் ஸ்பீடு" எவ்வளவு. மெமரில "இன் யூஸ்", "கமிட்டட்" ரெண்டும். சிபியூல சதவீதமும், கீழே இருக்கிற "அப் டைம்" எத்தனை நாள்னும்.

அப்புறம் டிஸ்க்கோட ஆரோக்கியத்தைக் காட்டுற கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ இலவசம், இறக்கிப் போடுங்க. "குட்"னு நீலத்துல வருதா "காஷன்"னு மஞ்சள்ல வருதான்னு பாருங்க. 05, சி5, சி6, சி7 இந்த நாலு வரியோட "ரா வேல்யூ"வை எழுதுங்க. எச்டபிள்யூமானிட்டர்ல ப்ராசஸர் சூடு சும்மா இருக்கும்போது எவ்வளவு, வீடியோ ஓடும்போது எவ்வளவு.

கடைசியா, காலையில ஆன் பண்ணும்போது தேதி சரியா இருக்கா?

---

கெடிலக்கரை

பார்த்துட்டேன்.

டிஸ்க் ஆக்டிவ் டைம் 100. ரெஸ்பான்ஸ் டைம் 300-லிருந்து 700 வரைக்கும் ஆடுது. ரீட் ஸ்பீடு 2 எம்பி கூட தாண்டல. மெமரி 3.3 ஜிபி யூஸ், கமிட்டட் 5.9. சிபியூ 15-லிருந்து 30. அப் டைம் 11 நாள்னு காட்டுது, ஆனா நான் தினமும் ராத்திரி ஷட் டவுன் பண்றேனே?

கிறிஸ்டல்ல மஞ்சள், காஷன். 05-ல 0, சி5-ல 18, சி6-ல 0, சி7-ல 0. முன்னாடி நிறைய சைபர் இருக்கு, அதை விட்டுட்டேன். சூடு சும்மா இருக்கும்போது 62, வீடியோ ஓடினா 94.

தேதி, ஸ்விட்ச் போர்டுல அணைச்சிட்டா மறுநாள் 2012 ஜனவரின்னு வருது. குரோம் "உங்கள் இணைப்பு தனிப்பட்டதல்ல"ன்னு சண்டை போடும். தேதியை மாத்தினா சரியாயிடும்.

---

எஸ்எம்பிஎஸ்_மாமா

இப்ப விஷயம் தெளிவாயிடுச்சு. ஒண்ணு இல்லை, நாலு கோளாறு சேர்ந்து இருக்கு. முக்கியமானதை முதல்ல சொல்றேன்.

இன்னிக்கே ஃபைல்களை வேற இடத்துல காப்பி எடுத்துருங்க. சி5-ங்கிறது படிக்க முடியாம நிலுவையில நிக்கிற செக்டார்களோட எண்ணிக்கை. அந்த 18 பதினெட்டு இல்லை. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ ரா வேல்யூவைப் பதினாறடிமான எண்ணாத்தான் காட்டும், அதனால அது 24. "ஃபங்ஷன்", "அட்வான்ஸ்டு ஃபீச்சர்", "ரா வேல்யூஸ்" போய் 10 டெக் வச்சா நம்ம எண்ணுல காட்டும். சி5 சைபரா இருக்கணும். சி7 ஏறியிருந்தா சாட்டா கேபிளை, அதாவது டிஸ்க்கையும் போர்டையும் இணைக்கிற வயரை, மாத்திப் பாருங்கன்னு சொல்லலாம். உங்களுக்கு அது சைபர், அதனால கேபிள் மேல பழி இல்லை.

ஆரோக்கியமான ஹார்டு டிஸ்க்ல ரெஸ்பான்ஸ் டைம் பத்து இருபது மில்லி செகண்ட் இருக்கும், நெருக்கடியில கொஞ்சம் ஏறும். 700-ங்கிறது படிக்க முடியாத இடத்துல முட்டி முட்டி நிக்கிறது. அந்த டர்ர் சத்தம் அதுதான். ஃபார்மேட் போட்டாலும் தட்டு அதே தட்டுதானே? முதல் கடைக்கு பதில் அதுல இருக்கு.

காப்பி எடுக்கும்போது மொத்த டிரைவையும் ஒரே இழுவையில இழுக்காதீங்க. போட்டோ, டாக்குமெண்ட்ஸ், டெஸ்க்டாப் முதல்ல. தமிழ் டைப்பிங் பண்றீங்க, அதனால விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள இருக்கிற ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் எடுங்க. பழைய பாமினி மாதிரி எழுத்துருல அடிச்ச ஃபைல் அந்த எழுத்துரு இல்லாம வெறும் ஆங்கிலக் கிறுக்கலாத்தான் தெரியும். பிரவுசர் பாஸ்வேர்டு, புக்மார்க். ஏதாவது ஒரு ஃபைல்ல நின்னுச்சுன்னா "ஸ்கிப்" கொடுத்துட்டு மேல போங்க, அதோட மல்லுக்கட்ட வேண்டாம். செக் டிஸ்க், டிஃப்ராக் ரெண்டையும் இப்ப தொடவே தொடாதீங்க. சாகப்போற டிஸ்க்கை அது இன்னும் ஓட ஓட விரட்டும்.

டிஸ்க்கை அப்படியே குளோன், அதாவது முழு நகல், பண்ணலாமான்னு யாராவது கேப்பீங்க. சி5 இருக்கிற டிஸ்க்ல குளோன் பாதியில எரர் அடிச்சு நிக்கும். நின்னாலும் பரவாயில்லை, கெட்ட ஃபைலையும் சேர்த்துக் கொண்டு வந்துட்டா அது இன்னும் மோசம். புதுசா இன்ஸ்டால் பண்றதே உத்தமம்.

அடுத்து எஸ்எஸ்டி, அதாவது சுத்துற தட்டு இல்லாம சிப்லயே எழுதுற டிஸ்க். உங்க போர்டுக்கு 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டிதான். சின்னக் குச்சி மாதிரி வர்ற என்விஎம்இ வாங்கிடாதீங்க, எச்61-ல அதுக்கு ஸ்லாட் இல்லை. 240 அல்லது 256 ஜிபி போதும். எச்61-ல இருக்கிறது சாட்டா 2, அதனால எஸ்எஸ்டி அட்டைப்பெட்டியில செகண்டுக்கு 500 எம்பின்னு போட்டிருந்தாலும் உங்களுக்கு 270 பக்கம்தான் வரும். அதுக்காக வருத்தப்பட வேண்டாம். விண்டோஸ் ஆன் ஆகும்போது பெரிய ஃபைல் ஒண்ணைப் படிக்கிறதில்லை, ஆயிரக்கணக்கான சின்னச் சின்னத் துண்டுகளைப் படிக்குது. ஹார்டு டிஸ்க்ல ஊசி ஒவ்வொரு துண்டுக்கும் நகரணும், செகண்டுக்கு நூறு துண்டு எடுத்தாலே பெருசு. எஸ்எஸ்டி பல ஆயிரம் எடுக்கும். வித்தியாசம் அங்கதான் வருது, 270-க்கும் 500-க்கும் நடுவுல இல்லை.

எழுதி எழுதித் தேயும்னு ஒரு பயம் இருக்கு. சாதாரண 240 ஜிபி எஸ்எஸ்டில மொத்தம் 80 டிபி (80,000 ஜிபி) எழுதலாம்னு போட்டிருப்பாங்க. தினம் 20 ஜிபி எழுதினாலே பத்து வருஷத்துக்கு மேல வரும். உங்க வேலைக்கு அதுல பாதி கூட எழுத மாட்டீங்க. ஆனா 2 டிபி எஸ்எஸ்டி ஆயிரம் ரூபாய்னு ஆன்லைன்ல வருமே, அந்தப் பக்கமே போகாதீங்க. உள்ளே மெமரி கார்டு ஒட்டி வச்சிருப்பான், கொள்ளளவு பொய்யா காட்டும்.

கூடவே சாட்டா டேட்டா கேபிள் ஒண்ணு வாங்குங்க, எஸ்எஸ்டியோட பெரும்பாலும் வராது. பவருக்கு எஸ்எம்பிஎஸ்ல, அதாவது கேபினட்ல இருக்கிற பவர் சப்ளை பெட்டியில, சாட்டா முனை மிச்சம் இருக்கான்னு பாருங்க. இல்லேன்னா நாலு முள் மோலெக்ஸ்ல இருந்து மாத்துற கேபிள் கிடைக்கும். அதுல முனை ஒரே பிளாஸ்டிக்கா வார்த்தது வேண்டாம், உள்ளே வயர் ஒண்ணோட ஒண்ணு உரசி எரிஞ்ச கேஸ் நிறைய. வயர் ஒவ்வொண்ணும் தனித்தனியா கிரிம்ப் பண்ணி உள்ளே போறது தெரியுற மாதிரி இருக்கிறதை எடுங்க.

இனி அந்த 11 நாள் அப் டைம். நீங்க தினமும் ஷட் டவுன் பண்றது உண்மைதான், விண்டோஸ் முழுசா அணையறதில்லை. "ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்"னு ஒண்ணு, கெர்னலைத் தூங்கவச்சு டிஸ்க்ல எழுதிட்டுப் போயிடும். "ரீஸ்டார்ட்" கொடுத்தாதான் உண்மையா புதுசா தொடங்கும். எஸ்எஸ்டி வந்ததும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை எடுத்துருங்க, கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், "சூஸ் வாட் த பவர் பட்டன்ஸ் டூ". ரெண்டு மூணு செகண்ட்தான் வித்தியாசம்.

தேதி: போர்டுல இருக்கிற சிஆர்2032 செல் தீர்ந்துபோச்சு. புதுசுல 3 வோல்ட்டுக்கு மேலே காட்டும். மாத்துறது அஞ்சு நிமிஷ வேலை. ஒரு எச்சரிக்கை. செல்லை எடுத்ததும் பயாஸ் (விண்டோஸுக்கு முன்னாடி ஓடுற போர்டோட சொந்த புரோகிராம்) செட்டிங் எல்லாம் தொடக்க நிலைக்குப் போகும். சில போர்டுல சாட்டா மோட், அதாவது போர்டு டிஸ்க்கோட பேசுற முறை, ஏஹெச்சிஐ-லிருந்து ஐடிஇ-க்கு மாறிடும், அப்ப விண்டோஸ் நீலத்திரையில நிக்கும். அதனால செல்லை முதல்ல மாத்துங்க, பயாஸ்ல ஏஹெச்சிஐ வச்சு சேவ் பண்ணுங்க, அப்புறம் விண்டோஸ் போடுங்க. இந்த வரிசையைக் குழப்பினா ரெண்டு தடவை வேலை.

---

முத்தியால்பேட்டை_ராம்ஸ்டிக்

சரி மாமா, சி5 பார்க்காம சொன்னது தப்புதான். எஸ்எஸ்டிக்கு அடுத்து ரேம்ங்கிறதை ஒத்துக்குவீங்கள்ல? கமிட்டட், அதாவது புரோகிராம் எல்லாம் கேட்டு வாங்கின மொத்த மெமரி, 5.9, இருக்கிறது 4. மிச்சம் பேஜ் ஃபைல்ல, அதாவது டிஸ்க்ல போய் உக்காருது.

வாங்கும்போது ரெண்டு விஷயம் பாருங்க சார். டெஸ்க்டாப் டிடிஆர்3 நீளமா 240 முள். லேப்டாப்போடது குட்டை, 204 முள், பொருந்தாது. டிடிஆர்3எல்னு 1.35 வோல்ட் கிடைச்சாலும் ஓடும்.

8 ஜிபி ஒரே ஸ்டிக் வாங்கறதா இருந்தா சிப்பை எண்ணுங்க. பக்கத்துக்கு எட்டு, மொத்தம் 16 இருக்கணும். ஒரு பக்கம் மட்டும் எட்டு சிப் இருக்கிற 8 ஜிபி ஸ்டிக்கை உங்க மூணாம் தலைமுறை ப்ராசஸர் படிக்காது, சிப் ஒவ்வொண்ணும் அதுக்குத் தெரியாத அளவு அடர்த்தி. "ஏஎம்டிக்கு மட்டும்"னு போட்டு மலிவா விக்கிறதும் இன்டெல் போர்டுல ஓடாது. வம்பே வேண்டாம்னா 4 ஜிபி 1600 ஒண்ணு வாங்கி ரெண்டாவது ஸ்லாட்ல போடுங்க. ரெண்டும் சம அளவா இருந்தா டூயல் சேனல்ல, அதாவது ரெண்டு ஸ்டிக்கும் ஒரே நேரத்துல, ஓடும், உங்களுக்கு கிராபிக்ஸும் ரேம்ல இருந்துதான் எடுக்குது, அதுக்கும் நல்லது.

புது டிடிஆர்3 கிடைக்கிறது கஷ்டம், பழசுதான் மாட்டும். மகாத்மா காந்தி வீதி ஞாயித்துக்கிழமை சந்தையில தரையில பரப்பி வச்சிருக்கிறதை வாங்குறதுன்னா வாங்குங்க, ஆனா அது சூதாட்டம். கடையில வாங்கினா ஒரு வாரம் மாத்தித் தர்றதா எழுதி வாங்கிக்கங்க. போட்டதும் மெம்டெஸ்ட்86 பென்டிரைவ்ல ஏத்தி ராத்திரி முழுக்க ஓட விடுங்க. ஒரு எரர் வந்தாலும் திருப்பிக் கொடுத்துருங்க. "ஒண்ணுதானே"ன்னு விட்டா அதுதான் எக்செல் ஃபைலைக் கெடுக்கும்.

---

உப்புக்காத்து | கடலூர், தேவனாம்பட்டினம்

94 டிகிரியை யாரும் தொடலையே. ஐ3-3220 வெறும் 55 வாட் ப்ராசஸர், அதோட வந்த ஃபேனே தாராளமா தாங்கும். வீடியோவுக்கே 94 போகுதுன்னா ஃபேனுக்கும் அலுமினியத் தகட்டுக்கும் நடுவுல பஞ்சு மெத்தை மாதிரி தூசி அடைச்சிருக்கு, ப்ராசஸர் சூட்டைத் தகட்டுக்குக் கடத்துற பேஸ்ட்டும் காஞ்சு பொடியாயிருக்கும்.

சூட்டால வேகம் குறையுதான்னு பார்க்க டாஸ்க் மேனேஜர் சிபியூ பக்கத்துல "ஸ்பீடு" பாருங்க. சும்மா இருக்கும்போது 1.6 காட்டினா தப்பில்லை, அது மின்சாரம் மிச்சப்படுத்துது. வேலை முழுசா இருக்கும்போதும் 3.3-க்குக் கீழே இறங்கினா அதுதான் கோளாறு. உங்களுக்கு இன்னும் அந்த எல்லைக்கு வரலை, சித்திரை வெயில்ல வந்துடும்.

சுத்தம் பண்ற முறை. பிளக்கைப் பிடுங்குங்க, சுவிட்சை அணைச்சா மட்டும் போதாது. பவர் பட்டனை அஞ்சு செகண்ட் அமுக்கிப் பிடிங்க, உள்ளே தேங்கின மின்சாரம் போகட்டும். கேபினட் இரும்பைத் தொட்டுட்டு உள்ளே கை வைங்க. வாசல்ல வச்சு ப்ளோவர் அடிங்க, வேக்யூம் கிளீனர் வேண்டாம். அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால பிடிச்சுக்கங்க, சும்மா சுத்த விட்டா பேரிங் போகும்.

இன்டெல் ஃபேன்ல நாலு மூலையிலயும் கறுப்புத் தலை இருக்கும், மேலே அம்புக்குறி. அம்பு காட்டுற பக்கமா கால் திருப்பு திருப்பி மேலே இழுத்தா விடும். கழட்டுறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் கம்ப்யூட்டரை ஓட்டி அணைச்சீங்கன்னா பேஸ்ட் இளகி சுலபமா வரும். பழைய பேஸ்ட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால துடைங்க. புதுப் பேஸ்ட் நடுவுல ஒரு பட்டாணி அளவு, அதுக்கு மேல வேண்டாம், ஃபேனை அழுத்தும்போது அதுவே பரவும். திரும்ப மாட்டும்போது நாலு தலையையும் அம்புக்கு எதிர்ப்பக்கம் திருப்பி வச்சுட்டு, குறுக்கு மூலையா ஒண்ணு மாத்தி ஒண்ணு அமுக்குங்க, டக்குனு சத்தம் கேக்கணும். போர்டைப் பின்பக்கம் பார்த்து நாலு வெள்ளை முனையும் விரிஞ்சு வெளியே வந்திருக்கான்னு உறுதி பண்ணுங்க. இதுல ஒண்ணு பாதியில நின்னாலே சூடு பழையபடி ஏறும். நிறைய பேர் பேஸ்ட்டைக் குறை சொல்றது இந்த இடத்துலதான்.

நம்ம ஊருக்குன்னு தனியா ஒரு தொல்லை இருக்கு. கடல் காத்து. உப்பும் ஈரமும் தூசியில ஒட்டினா அது லேசா மின்சாரம் கடத்தும். ரேமோட தங்க முள்ளுல கண்ணுக்குத் தெரியாத படலம் படியும். ரேமைக் கழட்டி அந்த முனையை வெயில் படுற கோணத்துல சாய்ச்சுப் பாருங்க. பளிச்னு மஞ்சளா இல்லாம மங்கலா, நடுவுல பிரவுன் திட்டு இருந்தா வெள்ளை ரப்பரால ஒரே திசையில, முனையை நோக்கி, நாலு தடவை தேய்ங்க. முன்னும் பின்னுமா தேய்ச்சா ரப்பர்த் தூள் சிப் பக்கம் ஏறும். அப்புறம் ஆல்கஹால் துணி. தேய்ச்ச இடத்தை விரலால தொடாதீங்க. உப்புத்தாள் வேண்டவே வேண்டாம், தங்கப் பூச்சு போயிட்டா கீழே இருக்கிறது சீக்கிரம் பச்சை பிடிக்கும். இத்தனை வருஷம் காலியா கிடந்த ரெண்டாவது ஸ்லாட்லயும் ப்ளோவர் அடிச்சுட்டு ரேம் போடுங்க. "புது ரேம் போட்டேன், பீப் பீப்னு கத்துது"ன்னு வர்றதுல பாதி இந்த ஸ்லாட் தூசிதான்.

போர்டுல சின்ன உருளை மாதிரி நிக்கிற கப்பாசிட்டரோட தலை உப்பியிருக்கான்னு ஒரு பார்வை பாருங்க. தட்டையா இருக்கணும். ப்ராசஸர் பக்கத்துல இருக்கிறது உப்பியிருந்தா எஸ்எஸ்டி, ரேம் எதுக்கும் காசு போடாதீங்க, ரெண்டாவது கடை சொன்னது அப்பதான் சரி.

இன்வெர்ட்டர்ல ஓடுதுன்னா பின்னாடி யூபிஎஸ், நார்மல்னு சுவிட்ச் இருக்கான்னு பாருங்க. நார்மல்ல இருந்தா கரண்டு போற அந்தக் கணத்துல கம்ப்யூட்டர் செத்துப் பொழைக்கும். நம்ம பக்கம் தானே, ஃபெஞ்சல்னு புயல் வந்தா கேக்கவே வேண்டாம், சாதாரண ஐப்பசி மழைக்கே கரண்டு பத்து தடவை போய் வரும். எழுதிட்டிருக்கும்போது இப்படி அணைஞ்சா எஸ்எஸ்டியிலயும் ஃபைல் கெடும்.

---

எஸ்எம்பிஎஸ்_மாமா

உப்புக்காத்து அண்ணன் ஃபேனோட நாலு முனையைப் பத்திச் சொன்ன விஷயம் நூத்துக்கு நூறு.

விண்டோஸ் போடுற கட்டத்தையும் சொல்லிடறேன். வேற நல்ல கம்ப்யூட்டர்ல மீடியா கிரியேஷன் டூல் இறக்கி 8 ஜிபி பென்டிரைவ்ல போடுங்க, பென்டிரைவ்ல இருக்கிறது அழிஞ்சுடும். எஸ்எஸ்டியை மாட்டுங்க. பழைய ஹார்டு டிஸ்க் கேபிளைக் கழட்டி வச்சிருங்க. இதைத்தான் எல்லாரும் மறப்பாங்க. ரெண்டும் மாட்டியிருந்தா விண்டோஸ் எஸ்எஸ்டில உக்காரும், பூட் ஃபைலை மட்டும் பழைய டிஸ்க்ல எழுதிட்டுப் போயிடும். பின்னாடி அந்த டிஸ்க் செத்தா எஸ்எஸ்டியும் ஆன் ஆகாது.

பூட் மெனுல பென்டிரைவ் பேர் ரெண்டு தடவை வந்தா யூஇஎஃப்ஐன்னு முன்னாடி போட்டதைத் தேர்ந்தெடுங்க. கீ கேட்டா "ஐ டோன்ட் ஹேவ் எ ப்ராடக்ட் கீ". முன்னாடி இருந்த விண்டோஸ் 10 முறையா ஆக்டிவேட் ஆகியிருந்தா அந்த உரிமம் போர்டோட ஒட்டினது, அதே ஹோம் அல்லது ப்ரோ பதிப்பைப் போட்டா நெட் வந்ததும் தானே ஆக்டிவேட் ஆகும். டிஸ்க் மாத்தினதால போகாது. இடம் கேட்கும்போது "அன்அலொகேட்டட்" வரியைச் சொடுக்கி நெக்ஸ்ட், பார்ட்டிஷன் எதையும் நீங்களா பிரிக்க வேண்டாம். 240 ஜிபியை சி, டி, ஈன்னு கூறு போட்டா சி நிறைஞ்சுபோய் திரும்ப இங்கதான் கேள்வி கேட்பீங்க.

போட்டு முடிச்சதும் டாஸ்க் மேனேஜர்ல ஸ்டார்ட்டப் டேப், வேண்டாததை டிசேபிள். ஆன்டிவைரஸ் தனியா வேண்டாம், விண்டோஸோடவே வர்ற டிஃபெண்டர் போதும். பூஸ்டர், கிளீனர், ரிஜிஸ்ட்ரி ஃபிக்ஸர்னு விளம்பரத்துல வர்றது ஒண்ணு கூட வேண்டாம். "அட்ஜஸ்ட் ஃபார் பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்" வைக்கிறதா இருந்தா அதுல "ஸ்மூத் எட்ஜஸ் ஆஃப் ஸ்க்ரீன் ஃபான்ட்ஸ்" டிக்கை மட்டும் திரும்பப் போடுங்க, இல்லேன்னா தமிழ் எழுத்து பல் போன ரம்பம் மாதிரி தெரியும், தமிழ்ல டைப் பண்றவங்களுக்குக் கண்ணு போகும்.

வீடியோ பாடம் திக்கினா 720-ல வைங்க. யூடியூப் இப்ப அனுப்புற விபி9, ஏவி1ங்கிற வீடியோ சுருக்கு முறை ரெண்டையும் உங்க கிராபிக்ஸால பிரிக்க முடியாது, ப்ராசஸர் தலையில விழுது. எச்264 மட்டும்தான் அதுக்குப் பழக்கம்.

---

வில்லியனூர்_பெங்குவின் | புதுச்சேரி

ஒரு விஷயம் விடுபட்டுவிட்டது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்பு 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டது. வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு உண்டு. அதற்கு 22எச்2 பதிப்பு இருக்க வேண்டும், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே பதிவு செய்யலாம். விண்டோஸ் 11-க்கு இன்டெல் எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் கேட்கிறார்கள், இந்த இயந்திரம் முறைப்படி அதில் வராது. குறுக்கு வழியில் ஏற்றலாம், அடுத்த பெரிய அப்டேட்டில் மாட்டிக்கொள்ளலாம். பரிந்துரைக்க மாட்டேன்.

அதற்குப் பிறகும் இதை ஓட்ட வேண்டுமென்றால் விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம் லினக்ஸ் மின்ட், அதில் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. மின்ட் 22-க்கு 2029 வரை ஆதரவு உண்டு. 4 ஜிபியில் ஓடும், 8 ஜிபியில் சுகமாக ஓடும். பென்டிரைவிலிருந்தே நிறுவாமல் ஓட்டிப் பார்க்கலாம், ஆனால் அப்போது தெரியும் வேகம் பென்டிரைவின் வேகம், அதை வைத்து எடை போடாதீர்கள். தமிழ்99 விசைப்பலகைக்கு ஐபஸ், எம்17என் தொகுப்புகளை நிறுவினால் போதும். பாமினியில் அடித்த பழைய கோப்புகளை லிப்ரே ஆஃபீஸ் திறக்கும், எழுத்துருவை நீங்கள் கொண்டுவந்திருந்தால்.

உங்களுக்கு உள்ள ஒரே தடை பிரிண்டர். எல்பிபி2900 தனக்கென்று ஒரு மொழி பேசும் பழைய ரகம், லினக்ஸில் அதன் டிரைவரைப் படியவைப்பது பெரும்பாடு. முதல் பக்கம் அச்சாகி இரண்டாவது பக்கத்தில் நின்றுவிடும். ஆகவே நீட்டிப்பு முடியும்வரை விண்டோஸ் 10, பிறகு 60 ஜிபி ஒதுக்கி மின்ட்டைப் பக்கத்தில் வைத்து, இணையம் அதில், பிரிண்ட் மட்டும் நெட் துண்டித்த விண்டோஸில். அழகான ஏற்பாடு இல்லைதான்.

---

கெடிலக்கரை

எல்லாருக்கும் நன்றி. செல், பேஸ்ட், 240 ஜிபி எஸ்எஸ்டி, 4 ஜிபி ரேம் நாலும் போட்டாச்சு. கப்பாசிட்டர் தட்டையாத்தான் இருக்கு. சூடு 41, வீடியோவுக்கு 63. குரோம் வரைக்கும் 28 செகண்ட்.

இப்ப ஒரு சந்தேகம். பழைய ஹார்டு டிஸ்க்கைப் பாட்டு, படம் வைக்க டி டிரைவா மாட்டினேன். உடனே ஆன் ஆக ரெண்டு நிமிஷம் ஆகுது, ஃபைல் எக்ஸ்ப்ளோரர் திறந்தாலே பச்சைக் கோடு ஊர்ந்துகிட்டே இருக்கு. கழட்டினா திரும்ப 28 செகண்ட். எஸ்எஸ்டில ஏதாவது தப்பா?

---

எஸ்எம்பிஎஸ்_மாமா

எஸ்எஸ்டி மேல தப்பில்லை. விண்டோஸ் ஆன் ஆகும்போது மாட்டியிருக்கிற எல்லா டிஸ்க்கையும் ஒரு தடவை விசாரிக்கும், கெட்ட செக்டார்ல பதில் வர்ற வரைக்கும் காத்து நிக்கும். எக்ஸ்ப்ளோரர் திறந்தாலும் அதே விசாரணைதான். அதை உள்ளே நிரந்தரமா மாட்டாதீங்க, அதுல மட்டும் இருக்கிற ஃபைல்னு எதையும் வைக்காதீங்க.

எடுக்க வேண்டியது மிச்சம் இருந்தா யூஎஸ்பி கேஸ்ல போட்டு, தேவைப்படும்போது மட்டும் சொருகி எடுத்துக்கங்க. அது 3.5 இன்ச் டிஸ்க், 12 வோல்ட் அடாப்டரோட வர்ற கேஸ்தான் வேணும். லேப்டாப் டிஸ்க்குக்கு விக்கிற அடாப்டர் இல்லாத கேஸ் வாங்கினா டிஸ்க் சுத்தவே சுத்தாது. எடுத்து முடிச்சதும் கிறிஸ்டல்ல சி5-ஐ இன்னொரு தடவை பாருங்க, 24-லிருந்து ஏறியிருந்தா பழைய இரும்புக்குப் போட்டுருங்க. போடறதுக்கு முன்னாடி தட்டுல நாலு ஓட்டை போட்டுருங்க, பேங்க் பேப்பர் எல்லாம் அதுலதானே ஸ்கேன் பண்ணி வச்சிருப்பீங்க.